தோண்டி எடுத்த தாருக்கு என்ன விலை?

தார் ரோடு போடுவது எப்படி என்று கேட்டால் நம் ஊரில் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஜல்லியைக் கொட்டு, தாரை ஊற்று, ரோலரை விடு. அந்த ரோடு பதினைந்து வருஷத்தில் கிழடு தட்டிப் போன பிறகு என்ன செய்வது? அதற்கும் பதில் தயாராக இருக்கும்: "அதும் மேலேயே இன்னொரு ரோடு போடு." இப்படிப் போட்டுப் போட்டுத்தான் பல ஊர்களில் தெரு வீட்டைவிட உயரமாகிவிட்டது. பாட்டி காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கிப் போகிறோம். ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் நேராகக் கூடத்துக்கு வருகிறது. வீட்டுக்காரர் கடன் வாங்கித் தரையை உயர்த்துகிறார். நாலு வருஷம் கழித்து ரோடு இன்னும் ஒரு சாண் உயர்கிறது.

பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்து, அதையே சூடாக்கிப் புது ரோடாகப் போடும் வித்தை உலகத்தில் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. அது எப்படிப் பிறந்தது, நடுவில் ஏன் தூங்கியது, எது அதை எழுப்பியது என்ற கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சிவில்காரர்கள் மட்டும் படிக்க வேண்டியது என்று நினைத்து மற்ற பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கதையில் மெக்கானிக்கலுக்கும் கெமிக்கலுக்கும்தான் பெரிய பங்கு.

முதலில் ஒரு சொல் விளக்கம். நாம் 'தார்' என்று பொதுவாகச் சொல்லுவது இரண்டு வேறு வேறு சரக்கு. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டுக் கோக் எடுக்கும்போது வடிவது கரித்தார். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில் தங்குவது பிட்டுமன். இன்று நம் ரோடுகளில் இருப்பது பிட்டுமன்தான். மணலியில் 1969-ல் ஓடத் தொடங்கிய ரிஃபைனரியிலிருந்தும் அது வருகிறது. பேர் மட்டும் தார் என்றே நின்றுவிட்டது. இந்த வித்தியாசம் வெறும் பாடப் புத்தக விஷயம் இல்லை. கரித்தாரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருக்கின்றன. நெதர்லாந்தில் ஒரு பழைய ரோட்டில் கரித்தார் கலந்திருப்பது தெரிந்தால், அதைத் திரும்ப ரோட்டில் போடவே கூடாது. உலையில் எரித்துக் கல்லை மட்டும் மீட்பார்கள். மற்றபடி ஊர் வழக்கப்படி நானும் பிட்டுமனைத் தார் என்றே எழுதிப் போகிறேன்.

ரோட்டில் எவ்வளவு சரக்கு கிடக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோமீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், மேல் தளம் 40 மி.மீ. கனம். 280 கன மீட்டர் ஆச்சு. கன மீட்டருக்கு 2.3 டன் என்று வைத்தால் ஏறக்குறைய 640 டன். அதில் தார் 5 சதவீதம், அதாவது 32 டன். பீப்பாய்க் கணக்கில் சுமார் 200 பீப்பாய். மீதி 600 டன்னுக்கு மேல் ஜல்லியும் கிரஷர் தூளும். எங்கேயோ ஒரு மலையை வெடி வைத்து உடைத்து, கிரஷரில் அரைத்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த கல். பதினைந்து வருஷம் வண்டி ஓடியதால் அந்தக் கல் கெட்டுப் போவதில்லை. தாரும் ஆவியாகிப் போய்விடுவதில்லை. அது இறுகிப் போகிறது, அவ்வளவுதான்.

இறுகுவது என்றால் என்ன? ஹைவே லேபில் பெனட்ரேஷன் டெஸ்ட் செய்தது நினைவிருக்கும். 25 டிகிரி சூட்டில், 100 கிராம் எடையோடு ஓர் ஊசி, 5 விநாடி. ஊசி எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறதோ அதைப் பத்தால் பெருக்கினால் அதுதான் பெனட்ரேஷன். புதுத் தாரில் 80-லிருந்து 100 வரை இறங்கிய ஊசி, அதே தார் வெயிலிலும் காற்றிலும் பல வருஷம் கிடந்த பிறகு 20, 30 என்று நின்றுவிடும். தாருக்குள் எண்ணெய்ப் பசையுள்ள பகுதியும் உண்டு, அஸ்ஃபால்ட்டீன் என்ற கெட்டிப் பகுதியும் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் சேரச் சேர எண்ணெய்ப் பகுதி குறைந்து கெட்டிப் பகுதி கூடுகிறது. இட்லி மாவு புளிக்கிற மாதிரி நிற்காமல் நடக்கிற காரியம். புளித்த மாவைக் கீழே கொட்டுவதா, புது மாவு கொஞ்சம் சேர்த்து ஊத்தப்பம் ஊற்றுவதா? நம் வீட்டு அடுக்களையில் எப்போதோ தீர்ந்து போன இந்தக் கேள்வியைத் தீர்க்க ரோடு இன்ஜினியர்களுக்கு ரொம்ப வருஷம் பிடித்தது.

பிறந்ததும் தூங்கியதும்

அமெரிக்காவில் 1870-ல் நியூஜெர்சி மாநிலத்து நூவர்க் நகரத்தில் எட்மண்ட் டிஸ்மெட் என்ற பெல்ஜியக்காரர் அஸ்ஃபால்ட் ரோடு போட்டார். அந்தப் பத்தாண்டிலேயே வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவிலும் அஸ்ஃபால்ட் வந்தது. அங்கே போட்டது டிரினிடாட் தீவின் ஏரியிலிருந்து வெட்டி எடுத்துக் கப்பலில் கொண்டுவந்த இயற்கைத் தார். கடல் கடந்து வந்த சரக்கு என்பதால் விலை அதிகம். பழைய ரோட்டுச் சரக்கைத் திரும்பப் பயன்படுத்தியதற்கு முதல் பதிவாக 1915-ஐச் சொல்கிறார்கள்.

அதற்குள் மோட்டார் கார் யுகம் வந்துவிட்டது. கார்களுக்குப் பெட்ரோல் வேண்டும். பெட்ரோல் காய்ச்சக் காய்ச்ச ரிஃபைனரியின் அடியில் தார் தங்கிக்கொண்டே இருந்தது. தேவைக்கு மேல் கிடைக்கும் பொருளை யார் சிக்கனம் பிடிப்பார்கள்? 1930களில் ரோட்டின் மேல்பரப்பைச் சூடாக்கிச் செதுக்கும் மெஷின்கள் வந்தன. அவை மேடு பள்ளத்தைச் சரி செய்யத்தான் பயன்பட்டன. மற்றபடி பழைய ரோட்டின் மேல் புது ரோடு போடுவது உலக வழக்கமாகிவிட்டது. நம் ஊர்க்காரர்கள் மட்டும் செய்த காரியம் இல்லை.

1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் போர் மூண்டது. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசையில் நின்ற படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். வரிசையில் நிற்காமல் தவித்த இன்னொரு கூட்டம் ரோடு காண்ட்ராக்டர்கள். பழைய விலைக்கு டெண்டர் எடுத்துவிட்டுப் புது விலைக்குத் தார் வாங்க வேண்டிய நிலைமை.

1974-லேயே நெவாடாவிலும் டெக்சாஸிலும் பழைய ரோட்டை எடுத்துச் சூடாக்கித் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். இதில் முன்னின்றவர்களில் ஒருவர் லாஸ் வேகாஸ் காண்ட்ராக்டர் ராபர்ட் மெண்டன்ஹால். அவருக்கு 1976 டிசம்பர் 28-ம் தேதி ஒரு காப்புரிமை கிடைத்தது. பழைய அஸ்ஃபால்ட் கலவையைத் திரும்பப் பயன்படுத்தும் முறை அது. அதன் நம்பர் என்ன தெரியுமா? சரியாக 40,00,000! அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் நாற்பது லட்சமாவது காப்புரிமை. 1961-ல் முப்பது லட்சமாவது நம்பர் போனது எண்களைத் தானாகப் படிக்கும் கருவிக்கு. நமது எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் அதைச் சொல்லிப் பெருமைப்படலாம். அடுத்த மைல்கல் பழைய ரோட்டுக்குக் கிடைத்தது என்று சிவில்காரர்கள் சொல்லிக்கொள்ளலாம்.

அதே 1976-ல் அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 'மாதிரித் திட்டம் 39' என்று ஒன்றைத் தொடங்கியது. எந்த மாநிலம் பழைய ரோட்டைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறதோ அதற்கு உதவி செய்வது, நடந்ததை எழுதி வைப்பது. 1982-க்குள் 40-க்கு மேற்பட்ட மாநிலங்கள் செய்து பார்த்துவிட்டன. இந்த 'எழுதி வைப்பது' என்பதை நம் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும். கெட்டுப் போன ரோட்டையும் எழுதி வைத்தார்கள். அதனால் அடுத்த மாநிலம் அதே பள்ளத்தில் விழவில்லை.

தோண்டுவது ஒரு கலை

நினைத்தவுடன் நடந்துவிடவில்லை. முதல் சிக்கல், ரோட்டை எப்படி எடுப்பது? ஆரம்பத்தில் புல்டோசரின் கொம்பை விட்டுக் கிளறினார்கள். பாறை பாறையாகப் பெயர்ந்தது. அதைக் கிரஷரில் போட்டால் வெயில் காலத்தில் தார் இளகி, கிரஷர் பல்லில் அப்பிக்கொண்டது. கீழே இருக்கும் மண்ணும் சேர்ந்து வந்தது.

வழி திறந்துவிட்டது மெக்கானிக்கல்காரர்கள்தான். ஓக்லஹோமாவின் சி.எம்.ஐ. நிறுவனம் 1970களின் நடுவில் 'ரோட்டோ மில்' என்ற மெஷினைக் கொண்டுவந்தது. உருளை ஒன்று, அதைச் சுற்றித் திருகு வரிசையாக டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த பற்கள். உருளை சுழன்றுகொண்டே போகும், ரோடு துருவின தேங்காய் மாதிரி வந்துவிழும். சூடாக்க வேண்டாம், புகை இல்லை. ஜெர்மனியில் ரைன்ஹார்ட் விர்ட்கன் முதலில் சூடாக்கிச் சுரண்டும் மெஷின் செய்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவருடைய கம்பெனியும் குளிர் மில்லிங்குக்கு வந்துவிட்டது. இன்று நம் நாட்டு ரோடுகளில் விர்ட்கன் பேரை அடிக்கடி பார்க்கிறோம்.

இந்த மெஷினின் பெருமை பல்லில் மட்டும் இல்லை, அளவில் இருக்கிறது. 40 மி.மீ. என்றால் 40 மி.மீ. மட்டும் எடுக்கும், கீழ்த் தளம் அசையாது. மேல் தளத்தை மட்டும் தனியாக எடுக்க முடிந்த பிறகுதான் 'எடுத்த கனத்துக்கே போடு, ரோடு உயராது' என்று சொல்லும் வசதி பிறந்தது. நடைபாதைக் கல்லின் உயரம் அப்படியே இருக்கும், மேம்பாலத்தின் மேல் பாரம் ஏறாது, வீட்டு வாசலும் தப்பிக்கும்.

நீலப் புகை

இரண்டாவது சிக்கல் சூடாக்குவது. புது ஜல்லியை ஹாட் மிக்ஸ் பிளான்ட்டில் நெருப்பு ஜ்வாலைக்கு நேராகக் காட்டலாம். கல்லுக்கு ஒன்றும் ஆகாது. பழைய ரோட்டுச் சரக்கை அப்படிக் காட்டினால் அதிலிருக்கும் தார் தீய்ந்துபோகும். பர்னர் வைத்த டிரம்மில் போட்டுப் பார்த்தவர்களுக்குப் புகைபோக்கியிலிருந்து நீலப் புகை கிளம்பியது. அமெரிக்காவில் 1970-ல்தான் காற்றுத் தூய்மைச் சட்டம் கடுமையாகியிருந்தது. ஒரு பக்கம் எண்ணெய் விலை பிளான்ட்காரரைப் பழைய சரக்கின் பக்கம் தள்ளியது. இன்னொரு பக்கம் புகைச் சட்டம் கழுத்தைப் பிடித்தது.

மினசோட்டா மாநிலத்து மேப்பிள்வுட்டில் 1976-ல் ஒரு வழி கண்டார்கள். பழைய சரக்கை நெருப்புக்கே காட்ட வேண்டாம். புது ஜல்லியை வழக்கத்தைவிட ரொம்ப அதிகமாகச் சூடாக்கு. பழைய சரக்கைப் பச்சையாகவே எடைத் தொட்டியில் இந்தச் சூட்டுக் கல்லோடு சேர். கல்லின் சூடு பழைய தாரை இளக்கிவிடும். ரசத்தைத் தனியே கொதிக்க வைக்காமல், கொதிக்கிற வெந்நீரை ஊற்றிச் சூடாக்குகிற சமையற்கட்டு யோசனைதான். இதற்கு மினசோட்டா முறை என்றே பேர் நின்றுவிட்டது. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. பழைய சரக்கின் அளவு கூடினால் புதுக் கல்லின் அளவு குறையும். குறைந்த கல் அதிகச் சூட்டைச் சுமக்க வேண்டும். பழைய சரக்கு ஈரமாக இருந்தால் சூட்டில் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். ஆவி திடீரென்று கிளம்பிப் பிளான்ட்டையே உலுக்கும்.

டிரம் பிளான்ட்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். பழைய சரக்கை ஜ்வாலை இருக்கும் முனையில் போடாமல் டிரம்மின் நடு வயிற்றில் ஒரு வாசல் வைத்து உள்ளே விட்டார்கள். 1980களில் டென்னசியின் ஆஸ்டெக் கம்பெனி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பீப்பாய் வைத்த 'டபுள் பேரல்' பிளான்ட்டைக் கொண்டுவந்தது. உள் பீப்பாயில் ஜல்லி காயும். வெளிக் கூட்டில், நெருப்புக்கு எட்டாத இடத்தில், பழைய சரக்கும் தாரும் கலக்கும். நீலப் புகை அடங்கியது.

நெருப்பே வேண்டாம் என்கிற கிளையும் ஒன்று உண்டு. அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் லாடிஸ் சானி 1950களில் சூடான தாரில் நீராவியைச் செலுத்தி நுரைக்க வைத்தார். 1960களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் நீராவிக்குப் பதில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரே போதும் என்று கண்டார்கள். நுரைத்த தார் ஈரமான, குளிர்ந்த கல்லிலும் ஒட்டும். பழைய ரோட்டைச் சுரண்டி இப்படி நுரைத் தாரோடு கலந்தால் கீழ்த் தளத்துக்கு நல்ல சரக்கு.

கறுப்புக் கல்லா, தாரா?

மூன்றாவது சிக்கல்தான் எனக்குப் பிடித்தது. மெஷினும் பிளான்ட்டும் வந்துவிட்டன. இப்போது மிக்ஸ் டிசைன் போட உட்காருகிறோம். 100 கிலோ கலவையில் 5 கிலோ தார் வேண்டும். 30 கிலோ பழைய சரக்கு சேர்க்கிறோம். அதற்குள் ஏறக்குறைய ஒன்றரை கிலோ பழைய தார் இருக்கிறது. அப்படியானால் புதுத் தார் மூன்றரை கிலோ போதுமா? பழைய தார் உண்மையிலேயே இளகிப் புதுத் தாரோடு கலந்தால் போதும். இளகாமல் கல்லைச் சுற்றிக் கறுப்புத் தோலாகவே உட்கார்ந்திருந்தால்? அப்போது அது தார் இல்லை, கறுப்புப் பெயின்ட் அடித்த கல். கலவையில் தார் பற்றாமல் ஒரே மழையில் ஜல்லி பெயரும்.

அமெரிக்காவில் 1987-லிருந்து 1993 வரை பெரிய செலவில் நடந்த ரோடு ஆராய்ச்சியில் 'சூப்பர்பேவ்' என்ற புது டிசைன் முறை பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், அத்தனை பெரிய வேலையில் பழைய சரக்கைப் பற்றி முறையான விதி எதுவும் வைக்கவில்லை. ஏற்கெனவே நாடெங்கும் பழைய ரோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1993-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன அறிக்கையிலேயே, பெயர்த்தெடுத்த அஸ்ஃபால்ட்டில் 80 சதவீதம் திரும்பப் பயன்படுகிறது என்று இருக்கிறது. ஆனால் புது முறைக்கு மாறியதும் பல மாநில இன்ஜினியர்கள், 'விதி இல்லாததை ஏன் செய்ய வேண்டும்' என்று தயங்கினார்கள். விதி இல்லை என்றால் கையெழுத்து இல்லை! இந்த விஷயத்தில் எல்லா நாட்டு இன்ஜினியரும் அண்ணன் தம்பிதான்.

அந்தத் தயக்கத்தைப் போக்க ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2000-ஐ ஒட்டி முடிந்தது. செய்த விதம் அழகு. ஒரே சரக்கில் மூன்று மாதிரி செய்தார்கள். ஒன்றில், பழைய சரக்கிலிருந்து தாரைக் கரைத்து எடுத்துவிட்டு வெறும் கல்லை மட்டும் சேர்த்தார்கள். 'கறுப்புக் கல்' வாதம் உண்மையானால் கலவை இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். இன்னொன்றில், கரைத்தெடுத்த பழைய தாரைப் புதுத் தாரோடு முழுக்கக் கலந்து ஊற்றினார்கள். மூன்றாவதில், பிளான்ட்டில் நடப்பது போல அப்படியே சேர்த்தார்கள். 10 சதவீதம் சேர்த்தபோது மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 40 சதவீதம் சேர்த்தபோது, பிளான்ட் முறை மாதிரி முழுக் கலப்பின் பக்கம் நின்றது. வெறும் கல் மாதிரி தனியே விலகிப் போனது. ஆக, பழைய தார் வேலை செய்கிறது. அதிலிருந்து வந்த விதி: 15 சதவீதத்துக்குள் என்றால் ஒன்றும் மாற்ற வேண்டாம், 15-க்கும் 25-க்கும் இடையில் என்றால் புதுத் தாரில் ஒரு கிரேடு இளகினதாக எடு, அதற்கு மேல் என்றால் பழைய தாரைச் சோதித்துக் கலப்புக் கணக்குப் போடு.

மேலே நான் போட்ட 'ஒன்றரை கிலோ' கணக்கை எடுத்துக்கொண்டு சைட்டுக்கு ஓடிவிட வேண்டாம். வேலை செய்கிறது என்றால் கடைசிச் சொட்டு வரை வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. பழைய சரக்கை அள்ளிப் போட்டுப் புதுத் தாரில் மிச்சம் பிடித்தால் கலவை காய்ந்து, சீக்கிரமே விரிசல் விடும். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு.

சட்டம் போட்ட நாடு

அமெரிக்காவில் இந்தத் தொழிலை வளர்த்தது லாபம். எண்ணெய் விலை ஏறினால் ஆர்வம் ஏறும். 2008-ல் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது மறுபடியும் ஆர்வம் பற்றிக்கொண்டது. ஜப்பானின் கதை வேறு. எண்ணெய் அதிர்ச்சி அங்கேயும்தான்; 1970களிலேயே தொடங்கி, 1984-ல் வழிகாட்டி நூல் போட்டுவிட்டார்கள். ஆனால் அவர்களை உண்மையில் நெருக்கியது, இடிபாட்டைக் கொட்ட இடமில்லாமை. 2000-ல் கட்டுமானப் பொருள் மறுசுழற்சிச் சட்டம் வந்தது. கான்கிரீட், அஸ்ஃபால்ட், மரம் இந்த மூன்றையும் இடிக்கும்போதே பிரித்து, திரும்பப் பயன்படுத்தியே ஆக வேண்டும். இன்று அங்கே பெயர்க்கும் அஸ்ஃபால்ட்டில் 99 சதவீதம் திரும்ப வருகிறது. மறுசுழற்சிக் கலவையில் பாதிக்குப் பாதி பழைய சரக்கு.

அவர்கள் எப்படிச் சாதிக்கிறார்கள் என்று பார்த்தால் மந்திரம் ஒன்றும் இல்லை. பழைய சரக்கை மழையில் நனையவிடாமல் கூரை போட்ட கொட்டகையில் வைக்கிறார்கள். உடைத்துச் சலித்துப் பெரிசு வேறு, தூள் வேறு என்று பிரிக்கிறார்கள். பழைய சரக்குக்கென்றே தனி டிரம், மெதுவான சூடு. இறுகின தாரை இளக்க எண்ணெய் மருந்து சேர்க்கிறார்கள். மீட்டெடுத்த தாரின் பெனட்ரேஷன் 20-க்குக் கீழே போனால் அந்தச் சரக்கைச் சேர்ப்பதில்லை. நம் லேபில் இருக்கும் அதே ஊசிதான் அங்கே வாசற்காவலன்.

நம்ம ஊர்

நமக்குத் தெரியாத வித்தை இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஸ்பெசிஃபிகேஷன் புத்தகத்தில், 2001 பதிப்பிலேயே தார்த் தளத்தை மறுசுழற்சி செய்வதற்கென்று தனிப் பகுதி உண்டு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2015-ல் இதற்கென்றே ஐ.ஆர்.சி. 120 என்ற நூலை வெளியிட்டது. ரோட்டின் கனம் கணக்கிடும் ஐ.ஆர்.சி. 37-ல் நுரைத் தாரோடு கலந்த பழைய சரக்குக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குத்தான் புதுத் தளம் போட வேண்டும், வீடுகளுக்குள் தண்ணீர் புகும்படி ரோட்டை உயர்த்தக் கூடாது என்று துறைகளுக்கு எழுதினார். பல ஊர்களில் மில்லிங் மெஷினை மக்கள் முதல் தடவையாகப் பார்த்தது அதற்குப் பிறகுதான். என்னைக் கேட்டால், நம் ஊர் ரோட்டு வரலாற்றில் அது முக்கியமான கடிதம். படி இறங்கிப் போகிற வீட்டுக்காரரின் கஷ்டம் அதில்தான் அரசாங்கப் பாஷையில் ஏறியது.

ஆனால் சுரண்டுவது கதையின் முதல் பாதிதான். சுரண்டி எடுத்தது எங்கே போகிறது?

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் மில்லிங் மெஷின் பின்னாலேயே லாரிகள் நின்றன. டிரைவரிடம் கேட்டேன்: "எங்கண்ணே போகுது?" "மனை ரொப்ப சார். மண்ணைவிட இது சூப்பர். ரெண்டு வெயில் பட்டா தானா கெட்டியாயிடும்." அவர் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. குவித்து வைத்த பழைய சரக்கு வெயிலில் தானே ஒட்டிக்கொள்ளும். அதாவது அந்தத் தாருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. லாரி டிரைவருக்குத் தெரிந்த இந்த விஷயத்துக்கு எஸ்டிமேட்டில் ஒரு வரி கிடையாது. சுரண்டக் கூலி உண்டு, ஏற்றி அப்புறப்படுத்த வாடகை உண்டு. 200 பீப்பாய் தாரும் 600 டன் ஜல்லியும் அந்தக் கணக்கில் 'கழிவு'.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் கிராம ரோடுகளில் பெரும்பாலும் தார்த் தளம் 20 மி.மீ. கார்ப்பெட்தான். அதைச் சுரண்டினால் பல் கீழே இருக்கும் ஜல்லித் தளத்தில் இறங்கிவிடும். மண்ணும் தாரும் கலந்த சரக்கு வரும். அதைக் கீழ்த் தளத்துக்குப் போடலாம், மேல் தளத்துக்கு ஆகாது. டவுன் ரோடுகளிலோ குடிதண்ணீர்க் குழாய்க்கு வெட்டியது, பாதாளச் சாக்கடைக்கு வெட்டியது, கேபிளுக்கு வெட்டியது என்று பத்து விதமான பேட்ச். ஒரே தெருவில் நூறு அடிக்கு ஒரு சரக்கு. எல்லா ரோட்டையும் எடுத்துப் புது ரோடு போட்டுவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. நாலு வழிச் சாலைகளிலும் பெரிய நகரத்துப் பஸ் ரோடுகளிலும் கனமான, ஒரே தரமான தளம் இருக்கிறது. ஆரம்பிக்க வேண்டிய இடம் அது. அங்கே சுரண்டும் சரக்கை யாருடையது என்று டெண்டரிலேயே எழுதி, விலை வைத்து, கூரைக்குக் கீழே சேர்த்தால், பிளான்ட்காரர் தானாகவே இரண்டாவது டிரம் வாங்குவார். மெண்டன்ஹாலையும் யாரும் உபதேசம் செய்து கூட்டிவரவில்லை. தார் விலைதான் கூட்டிவந்தது.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். இப்போது படிக்கும் சிவில் தம்பி தங்கைகளுக்கு: ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். உங்கள் ஊரில் மில்லிங் நடக்கும்போது ஒரு சாக்குச் சரக்கு கேட்டு வாங்குங்கள். தாரைக் கரைத்து எடுத்து எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பாருங்கள். மீட்ட தாரில் ஊசி எவ்வளவு இறங்குகிறது, கல்லின் சல்லடை அளவு என்ன என்று எழுதுங்கள். நாலு வருஷம் நாலு பேட்ச் மாணவர்கள் செய்தால், நம் மாவட்டத்து ரோடுகளில் என்ன கிடக்கிறது என்று ஓர் அட்டவணை கிடைத்துவிடும்.

நெடுஞ்சாலைத் துறையிலும் காண்ட்ராக்ட்டிலும் இருந்து ஓய்வு பெற்ற சீனியர்களுக்கு: 60/70, 80/100 தார் காலத்தில் நீங்கள் போட்ட ரோடுகளின் மிக்ஸ் டிசைன் தாள்கள், எந்தக் குவாரிக் கல், எத்தனை சதவீதம் தார், எந்த வருஷம் என்ற குறிப்புகள் வீட்டுப் பரணில் கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் சிவில் துறை நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். அந்த ரோட்டைச் சுரண்டித் திரும்பப் போடப் போகிறவன் முதலில் தேடப் போவது உங்கள் தாளைத்தான்.